ஒட்டுக்கேட்பு நிலையத்தின் பொன்விழா மலர்

தேசிய அலைக்கேட்பு நிலையத்துக்கு ஐம்பது வயது நிறைந்தபோது அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவது என்று முடிவாயிற்று. முடிவெடுத்த பிறகுதான் அதில் ஒரு சின்னச் சிக்கல் இருப்பது தெரிந்தது. நிலையத்தின் வரலாறு யாருக்கும் தெரியாது.

கோப்புகளைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எரித்துவிடுவது நிலையத்தின் வழக்கம். வேலை பார்த்தவர்களைக் கேட்கலாமென்றால், சேரும்போதே சத்தியம் வாங்கிவிடுகிறார்கள். பார்த்ததைச் சொல்ல மாட்டேன், கேட்டதைச் சொல்ல மாட்டேன், கேன்டீனில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதையும் சொல்ல மாட்டேன். கடைசி வாக்கியம் ஏன் சேர்ந்தது என்று தெரியவில்லை. அதுவும் எரிந்த கோப்பில் இருந்திருக்கலாம்.

இந்த வேலைக்குத்தான் ஆவுடைநாயகத்தைப் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கினார்கள். அவர் வரலாற்றுப் பேராசிரியர். நாயக்கர் காலக் கல்வெட்டுகளில் டாக்டர் பட்டம். கடந்த முந்நூறு வருஷத்தில் நடந்த எதைப் பற்றியும் அவருக்குத் தெரியாது என்பது பாதுகாப்புப் பிரிவுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

நிலையம் செங்கல்பட்டுக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி, 'மண்வள ஆய்வு நிலையம்' என்ற பலகைக்குப் பின்னால் இருந்தது. உளவு பார்க்கிற இடம் என்று யாருக்கும் தெரியக்கூடாதென்று வைத்த பலகை. அதைச் சுற்றுவட்டார விவசாயிகள் நம்பிவிட்டார்கள். பையில் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் வரிசை கட்டினார்கள். திருப்பி அனுப்பினால் சந்தேகம் வருமென்று ஒரு நிஜ மண் விஞ்ஞானியை வேலைக்கு வைக்க வேண்டியதாயிற்று. ஐம்பது வருஷத்தில் பொதுமக்களுக்குப் பயன்பட்ட ஒரே பிரிவு அதுதான் என்று ஆவுடைநாயகம் முதல் அத்தியாயத்தில் எழுதினார். அந்த வரியை ரகசியம் என்று அடித்துவிட்டார்கள்.

அவருக்கு உதவிக்குப் பிரிஸில்லாவை விட்டிருந்தார்கள். நாகர்கோவில்காரி. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மேசைக் கிரைண்டர் அளவுள்ள ஓர் இயந்திரத்தோடு குடியிருந்தாள். இயந்திரத்தின் பெயர் இடைவெளிமானி.

"இது என்ன செய்யும்?" என்று ஆவுடைநாயகம் கேட்டார்.

"ஆளுங்க சொல்லாம விட்டதைச் சொல்லும் சார்."

"புரியல."

"எனக்கும் முதல்ல புரியல. இப்படிப் பாருங்க." பிரிஸில்லா ஒரு பழைய அட்டையால் விசிறிக்கொண்டே பேசினாள். "முன்னாடி எதிர்நாட்டுக்காரன் பேசினா நாம கேட்டுக்கிட்டு இருந்தோம். பொறவு பேச்சைக் குழப்பி அனுப்புற பூட்டு வந்துட்டு. இப்ப புது ஃபோன் ஒவ்வொண்ணுக்குள்ளயும் அது இருக்கு. உலகத்துல உள்ள கம்ப்யூட்டர் அத்தனையும் ஒண்ணாச் சேந்தாலும் சூரியன் அணையறதுக்குள்ள அதை உடைக்க முடியாது."

"அப்ப நிலையத்தை மூடியிருக்கணுமே."

"கவர்மெண்டுல தொறந்ததை மூடுவாங்களா சார்? பூட்டுல ஒரேயொரு ஓட்டை இருந்துச்சு. என்ன பேசுறான்னு தெரியாது. பேச்சை எங்க நிறுத்துறான்னு தெரியும். பேசும்போது அலை போகும். சும்மா இருந்தா போகாது. அம்புட்டுதான். இப்ப ஒரு பூட்டின வீட்டுக்கு வெளிய நீங்க நிக்கீங்கன்னு வச்சுக்கிடுங்க. உள்ள புருஷன் பொண்டாட்டி சண்டை. ஒரு வார்த்தை கேக்கல. ஆனா அந்தம்மா எந்த இடத்துல பேச்சை நிறுத்தினாங்கன்னு தெரியுது. எவ்வளவு நேரம் நிறுத்தினாங்கன்னும் தெரியுது. அதை வச்சு உள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்லிறலாமா, முடியாதா?"

ஆவுடைநாயகம் யோசித்தார். கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவர். "சொல்லிடலாம்," என்றார்.

"அதைத்தான் இந்த மெஷின் செய்யுது."

எதிர்நாட்டுக்காரர்களின் மௌனங்களை நிலையம் இப்படித்தான் பல வருஷமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. ஆனால் இப்படி ஓர் இயந்திரம் இருக்கிறது என்ற செய்தி எப்படியோ கசிந்து, நாடு முழுக்கப் பரவி, அதன் பிறகு நாட்டில் யாரும் பேச்சை நிறுத்தத் துணியவில்லை. அதிகாரிகள் மூச்சுவிடாமல் பேசப் பழகினார்கள். அரசு விழாக்களில் மௌன அஞ்சலி ரத்தானது. மறைந்த தலைவரை நினைத்தபடி எழுந்து நிற்கும் இருநூறு பேரின் மௌனத்தையும் இயந்திரம் அச்சடித்தால் என்ன ஆவது? அதற்குப் பதில் எல்லாரும் எழுந்து நின்று வாய்க்கு வந்ததைச் சேர்ந்து பேசினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் 'பிடிச்சிருக்கா' என்ற கேள்விக்கு மாப்பிள்ளைகள் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார்கள். நிறைய கல்யாணங்கள் அப்படித்தான் நடந்தன.

ஆவுடைநாயகத்தின் வேலைக்கு இயந்திரம் வேறு விதத்தில் கைகொடுத்தது. சத்தியப்பிரமாணத்தில் 'சொல்ல மாட்டேன்' என்றுதான் இருந்தது. சும்மா இருப்பது சொல்வதாகாது என்று சட்டப் பிரிவு எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது. ஆகவே ஓய்வுபெற்ற அதிகாரிகளை வரவழைத்து, கேள்வி கேட்டு, அவர்கள் சும்மா இருப்பதைப் பதிவு செய்து, அதை இடைவெளிமானியில் போட்டு வரலாறு எழுதுவது என்று ஏற்பாடு.

முதல் இயக்குநரான வேலாயுதப்பெருமாள் எண்பது வயதைத் தாண்டியவர். காப்பி குடித்தார். "நிலையம் எப்படித் தொடங்கிச்சு சார்?" என்று கேட்டதற்கு ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வரட்டுமா?" என்று எழுந்து போனார். இயந்திரம் ஓடியது. தாள் வெளியே வந்தது.

'மேலைக்குன்றின் உச்சியில் முதல் அலைவாங்கியை நாட்டுவித்தோம். அதன் காவலுக்கும் எண்ணெய்க்கும் நிலம் நிவந்தமாகக் கொடுத்தோம். இந்தத் தர்மத்துக்கு அகிதம் நினைத்தவர்கள் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவார்கள்.'

ஆவுடைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு நல்ல தமிழ்," என்றார். அத்தியாயங்கள் மளமளவென்று வளர்ந்தன. ஒவ்வோர் இயக்குநரும் சாசனம் பேசினார்கள். சூரிய சந்திரர் உள்ளவரை அலைவரிசைகளைக் காத்தார்கள்.

ஒருநாள் வேலாயுதப்பெருமாளின் தாளில் டீ கொட்டிவிட்டது. ஆவுடைநாயகம் சாப்பிடப் போயிருந்ததால் பிரிஸில்லா தானே அந்த மௌனத்தை மறுபடி இயந்திரத்தில் ஓட்டினாள். திரும்பி வந்து பார்த்தால் வேறு தாள்.

'அடித்தள அறையில் ஏசி வேலை செய்யவில்லை. பலமுறை புகார் கொடுத்தும் யாரும் வந்து பார்க்கவில்லை.'

"என்னம்மா இது? அதே மௌனம்தானே?"

"அதேதான் சார்."

"அவரு காராம்பசுன்னாரு. இது ஏசிங்குதே."

பிரிஸில்லா விசிறலை நிறுத்தவில்லை. "இந்த மெஷின் ஒவ்வொரு மௌனத்துக்கும் முதல்ல பத்து ஊகம் காட்டும் சார். நாம ஒண்ணைத் தட்டணும். நீங்க வந்த அன்னையில இருந்து தட்டிக்கிட்டுத்தான இருக்கீங்க? தட்டத் தட்ட நம்ம மனசு அதுக்குப் பிடிபட்டுரும். பொறவு பத்தெல்லாம் காட்டாது. நமக்குப் பிடிச்சதை மட்டும் நேராக் காட்டிரும். உங்களுக்குக் கல்வெட்டு. எனக்கு இந்த ஏசி."

"அப்ப எதிர்நாட்டுக்காரன் மௌனம்?"

"கேக்கிற ஆபீசருக்கு என்ன வேணுமோ அது."

"இது மேல உள்ளவங்களுக்குத் தெரியாதா?"

"அவங்களும் மெஷினைக் கேட்டாங்க சார். மேல உள்ளவங்க சொல்லுறதுதான் சரின்னு அது சொல்லிட்டு."

ஆவுடைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதி முடித்திருந்த எட்டு அத்தியாயங்களும் அவர் கண்ணுக்கு முன் மண்வள ஆய்வுப் பலகையாக மாறிக்கொண்டிருந்தன. இதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். பொன்விழா மலர்களில் உண்மை இருந்ததாக வரலாறே இல்லை. ஆனால் ஒன்பதாவது அத்தியாயம் பாக்கி இருந்தது. அதற்கு இயக்குநர் தன் கையாலேயே தலைப்புக் கொடுத்திருந்தார்: 'துரோகியின் மௌனம்.'

ஐம்பது வருஷத்தில் நிலையம் பிடித்த ஒரே உளவாளி அதன் கதாநாயகி. பெயர் சௌந்தரவல்லி. கேட்புப் பிரிவின் மூத்த அதிகாரி. இடைவெளிமானி புதிதாக வந்த சமயம் அதைச் சோதித்துப் பார்க்கச் சொந்த ஊழியர்களின் வீட்டு ஃபோன்களையே எடுத்துக்கொண்டார்கள். சௌந்தரவல்லி தன் தங்கையோடு பேசும்போது நடுவில் நீளமாக ஒரு மௌனம் விழுந்தது. 'வடக்கு அலைவாங்கியின் குறியீட்டை வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன்' என்று இயந்திரம் அச்சடித்தது. அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதைக் கண்டுபிடித்த இளைய அதிகாரி பராங்குசம் படிப்படியாக உயர்ந்து இப்போது இயக்குநராக இருந்தார்.

"அந்தம்மா உயிரோட இருக்காங்களா?" என்று ஆவுடைநாயகம் கேட்டார்.

"மாயவரத்துல இருக்காங்க. கல்யாணத் தகவல் மையம் நடத்துறாங்க," என்றாள் பிரிஸில்லா.

மறுநாளே பஸ் ஏறிவிட்டார். மாயவரம் மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படி, அதன் மேலே ஓர் அறை, சுவர் முழுக்க ஜாதகங்கள். சௌந்தரவல்லி காதில் ஃபோனை வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். அறுபது வயதிருக்கும். பேச்சு முடிந்ததும் ஒரு ஜாதகத்தை எடுத்துக் கீழே போட்டார்.

"பையனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆயிருக்கு. அம்மாக்காரி மறைக்கிறா. வாங்க தம்பி, எங்க பழைய ஆபீஸ் ஆளுங்களா?"

"மண்வள ஆய்வு நிலையத்துலேர்ந்து வர்றேன்மா."

"அதான் கேட்டேன். நகத்துல மண்ணே இல்லியே."

ஆவுடைநாயகம் கையை மடித்துக்கொண்டார். வந்த காரியத்தைச் சொன்னார். ஒன்பதாம் அத்தியாயத்தின் தலைப்பையும் சொன்னார். சௌந்தரவல்லி கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து முறுக்கு வைத்தார்.

"நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்க. சொல்ல முடியாதுன்னா சும்மா இருந்தாப் போதும். மெஷின் பாத்துக்கும்," என்றார் ஆவுடைநாயகம்.

"ஒருதடவை சும்மா இருந்ததுக்கே இவ்வளவு ஆச்சு. நான் பேசிடறேன். வேலையை விட்டுத் தூக்கினப்பவே சத்தியத்தையும் தூக்கிட்டாங்க." அவர் ஒரு முறுக்கை ஒடித்தார். "அன்னிக்கு அபிராமி ஃபோன் பண்ணினா. என் தங்கச்சி. காரைக்கால்ல குடுத்திருக்கு. அவ பிள்ளைக்குக் காதுகுத்து. 'அக்கா, வெள்ளிக்கிழமை வர்றியா'ன்னு கேட்டா. நான் பதில் சொல்லப் போறேன், லைன்ல 'டக்'குன்னு ஒரு சத்தம். அப்புறம் மூச்சுச் சத்தம். கர்ர், கர்ர்னு."

"யாரு?"

"நம்ம பராங்குசந்தான். பீனிசம் அவனுக்கு. மார்கழி வந்துட்டா புறாக்கூண்டு மாதிரி இருக்கும் மூக்கு. ஒட்டுக்கேக்கற ஃபோன்ல வாய்ப்பக்கத்தை அணைக்க மறந்துட்டான். எத்தனை வாட்டி சொல்லிக் குடுத்திருக்கேன்."

"நீங்களா?"

"பின்னே? அவனுக்கு வேலை கத்துக் குடுத்ததே நான்தான். எங்க பிரிவுல ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் காதுல கேட்டு வாயால சொல்லுவோம், இன்னொருத்தர் எழுதுவாங்க. எழுதறவங்க கை நிக்கிற வரைக்கும் சொல்றவங்க நிறுத்தணும். அதுல பராங்குசம் ரொம்ப மெதுவு. முத்து முத்தா எழுதுவான், ஆனா பொழுது போயிடும். அவன் மூச்சைக் கேட்டதும் எனக்குத் தன்னால வாய் நின்னுபோச்சு தம்பி. பாவம், புள்ள எழுதி முடிக்கட்டுமேன்னு."

ஆவுடைநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் முறுக்கைக் கடித்தார். சத்தமாகக் கேட்டது.

"இதை நீங்க எழுதிக் குடுக்கலையா?"

"குடுத்தேனே. அப்ப இருந்த இயக்குநர் கையிலயே குடுத்தேன். அங்கதான் தப்பு. நேரா வந்து சொன்னதை அந்த நிலையம் என்னிக்கு நம்பியிருக்கு? சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவாங்க. உன்கிட்ட வந்து சொல்றவன் ஏமாத்த வர்றான். உனக்குத் தெரியாமப் பேசறவன்தான் உண்மையைப் பேசறான். நானே அதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக் குடுத்தவ." அவர் டப்பாவை மூடினார். "வேலை போனது போகட்டும். இந்த வேலையும் அதே வேலைதான், ஜாதகத்தோட. அபிராமியையும் கூப்பிட்டு விசாரிச்சாங்க. அவ வீட்டுக்காரர் கவர்மெண்டு உத்தியோகம். பயந்துட்டாங்க. அன்னிலேர்ந்து என்கிட்டப் பேசறதில்லை. காதுகுத்தின பிள்ளை இப்ப காலேஜ் போவுதாம். அவளையும் குத்தம் சொல்ல முடியாது. ஆஸ்துமாக்காரி. பேச்சுக்கு நடுவுல மூச்சு வாங்கினாக்கூட அதுக்கு ஒரு குறியீடு அச்சாகுமே."

"உங்களுக்கு என்ன செய்யணும்மா?"

"பென்ஷன் கேக்கலை. உங்க அக்கா தப்புப் பண்ணலைன்னு யாராவது அவ காதுல போட்டாப் போதும். நான் சொல்ல முடியாது. நேராச் சொன்னதா ஆயிடும்."

செங்கல்பட்டுக்குத் திரும்பிய ஆவுடைநாயகம் நேராக இயக்குநரின் அறைக்குப் போனார். பராங்குசம் மூச்சுவிடாமல் பேசுகிற கலையில் கரைகண்டவர். பீனிசத்தோடு அதைச் செய்வது சாதாரண விஷயமில்லை.

"வாங்க வாங்க உட்காருங்க ஒன்பதாம் அத்தியாயம் எந்த அளவுல இருக்கு போட்டோ வேணும்னா என்னோடது புதுசா எடுத்தது இருக்கு பக்கவாட்டுல எடுத்தது அதுல மூக்கு கொஞ்சம்..."

"சார், அந்தம்மா உங்களுக்காகத்தான் பேச்சை நிறுத்துனாங்களாம். நீங்க எழுதி முடிக்கட்டும்னு."

பராங்குசம் நிறுத்தினார்.

அந்த அறையில் அப்படி ஒரு சத்தமின்மை பல வருஷமாக இருந்ததில்லை. சுவர்க்கடிகாரம் ஒன்று ஓடுகிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. இயக்குநரின் மூக்கு மட்டும் மெல்லக் 'கர்ர்' என்றது. அந்த மௌனத்தில் என்ன இருந்தது என்று ஆவுடைநாயகத்துக்கு நிச்சயமாகத் தோன்றியது. தனக்கு நிச்சயமாகத் தோன்றுவதுதான் இதில் கோளாறு என்பதும் கூடவே நினைவு வந்தது.

"நேர்ல வந்து சொல்றீங்க," என்றார் பராங்குசம் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"ஆமா சார்."

"இதை நான் எப்படி நம்பறது? விதி இருக்கே."

"நம்ப வேண்டாம் சார். புத்தகத்துல எழுதலாமா?"

பராங்குசத்துக்குப் பழைய வேகம் திரும்பிவிட்டது. "எழுதுங்க தாராளமா எழுதுங்க அந்தம்மா குற்றமற்றவங்கன்னே எழுதுங்க தலைப்பை மட்டும் மாத்திக்குங்க ஏன்னா புத்தகம் ஒரே ஒரு பிரதிதான் அச்சாகுது அச்சானதும் பெட்டகத்துக்குப் போகுது அதைப் படிக்க எனக்கே அனுமதி கிடையாது வரலாறுங்கறது எழுதியாச்சுன்னு சொல்றதுக்குத்தானே படிக்கறதுக்கா?"

ஆவுடைநாயகம் ஒன்பதாம் அத்தியாயத்தை இயந்திரத்தின் துணையில்லாமல் எழுதினார். காராம்பசு இல்லாமல் எழுதுவது சிரமமாகத்தான் இருந்தது. முறுக்கு வரைக்கும் எல்லாம் எழுதினார். அத்தியாயம் அச்சுக்குப் போயிற்று.

அச்சகம் சிவகாசியில் இருந்தது. காலண்டர் அடிக்கிற அச்சகம். அங்கே வேலை பார்ப்பவர்கள் தேதியைத் தவிர எதையும் படிக்க மாட்டார்கள் என்று பாதுகாப்புப் பிரிவு தேர்ந்தெடுத்த இடம். மெய்ப்பு பார்க்க வேண்டுமானால் ஃபோனில் வாசித்துத்தான் சரிபார்க்க வேண்டும். தாள் வெளியே வரக்கூடாது என்பது விதி. சிவகாசிக்குப் பூட்டுப் போட்ட லைன் இன்னும் வரவில்லை. விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. மற்ற அத்தியாயங்களின் மெய்ப்பை அந்த லைனுக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒன்பதாவது மட்டும் காத்திருக்க முடியாது என்று ஆவுடைநாயகம் குறிப்பு எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். விதியில் எந்த ஃபோன் என்று சொல்லவில்லை.

அவர் மண்வளப் பிரிவின் வரவேற்பறைக்குப் போய், விவசாயிகள் வரிசைக்குப் பக்கத்தில், பூட்டே இல்லாத பழைய ஃபோனை எடுத்தார். அந்த லைனை எதிர்நாட்டுக்காரர்கள் நிலையம் திறந்த நாளிலிருந்தே கேட்டு வருகிறார்கள் என்பது எல்லாரும் அறிந்த ரகசியம். நம் நாட்டு மண்ணைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"அண்ணாச்சி, ஒன்பதாம் அத்தியாயம். நான் வாசிக்கேன், நீங்க பாத்துக்கிடுங்க," என்று தொடங்கினார். ஒரு வாக்கியம் வாசித்தார். நிறுத்தினார். அடுத்த வாக்கியம். மறுபடி நிறுத்தினார்.

"சார், இவ்வளவு மெதுவா வேண்டாம். எங்கிட்டதான் தாள் இருக்கே," என்றார் சிவகாசிக்காரர்.

"உங்களுக்காக இல்ல அண்ணாச்சி," என்றார் ஆவுடைநாயகம். முற்றுப்புள்ளி வரை நிதானமாக வாசித்து முடித்தார்.

அடுத்த வாரம் எதிர்நாட்டு வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் இசைக்கும் வானிலைக்கும் நடுவே ஒரு சிறப்புரை வந்தது. 'தன் சொந்த ஊழியரையே துரோகி என்று விரட்டிய உளவு நிறுவனத்தின் கேலிக்கூத்து' என்று தலைப்பு. சௌந்தரவல்லி பெயர் வந்தது. காதுகுத்து வந்தது. பீனிசம் விரிவாக வந்தது. நம்முடைய எல்லாச் சேனல்களும் அன்று சாயங்காலம் அதைப் பற்றி விவாதித்தன. விவாதிக்கிறவர்கள் நிறுத்துவதில்லை என்பதால் யார் என்ன சொன்னார்கள் என்பது தெரியவில்லை.

நிலையத்தில் இதைக் கேட்டு யாருக்கும் அவமானம் ஏற்படவில்லை. நேர்மாறாக, அடித்தளம் முழுக்கப் பரபரப்பு. பூட்டு வந்த நாளிலிருந்து எதிர்நாட்டிலிருந்து முழு வாக்கியமாக ஒன்றைக் கேட்டதே இல்லை. இப்போது ஊகம் இல்லை, இடைவெளி இல்லை, தெளிவான உச்சரிப்பில் ஒரு முழு உரை. ஒலிபரப்பியது உலகத்துக்கே என்றாலும் நாம் கேட்டது நம் அலைவாங்கியில் அல்லவா? அன்றே அறிக்கை தயாரானது. 'எதிர்நாட்டு உளவுத்துறையின் மதிப்பீட்டின்படி சௌந்தரவல்லி குற்றமற்றவர். தகவலின் தரம்: மிகவும் நம்பத்தக்கது.' இயக்குநர் என்ற முறையில் பராங்குசம் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டார். முத்து முத்தான கையெழுத்து. வெகுநேரம் ஆயிற்று.

சௌந்தரவல்லி நேரில் எழுதிக் கொடுத்தபோது மேலிடத்தில் யாரும் நம்பவில்லை. எதிரி நம்மைக் கேலி செய்வதை ஒட்டுக்கேட்டபோது உடனே நம்பினார்கள். பணிநீக்க உத்தரவு ரத்தானது. கேட்காத பென்ஷனும் வந்தது. இப்படி ஓர் அரிய தகவலைக் கைப்பற்றியதற்காகப் பராங்குசத்துக்குப் பதக்கம் அறிவித்தார்கள்.

தகவல் எப்படி வெளியே போனது என்று ஒரு விசாரணையும் நடந்தது. மூன்று அதிகாரிகள் அடித்தளத்துக்கு வந்து ஆவுடைநாயகத்தைக் கேட்டார்கள். அவர் சும்மா இருந்தார். இடைவெளிமானியை ஓட்டச் சொன்னார்கள். பிரிஸில்லா ஓட்டினாள். தாள் வந்தது. அதிகாரிகள் படித்தார்கள். ஒருவர் மேலே பார்த்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நியாயமாத்தான் இருக்கு," என்றார். விசாரணை முடிந்தது. மறுநாள் ஏசி மெக்கானிக் வந்தான்.

ஆவுடைநாயகத்தின் இரவல் காலம் தீர்ந்துபோன நாளன்று அறை குளுகுளுவென்றிருந்தது. பிரிஸில்லா சால்வை போர்த்திக்கொண்டிருந்தாள். விடைபெற வந்தவரைக் கையமர்த்தினாள்.

"சார், இருங்க. மாயவரம் லைன்ல ஆள் வருது."

"அந்த ஒட்டுக்கேட்பை இன்னும் எடுக்கலையா?"

"எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துட்டு. நேர்ல வந்துச்சு. அதனால யாரும் நம்பல." அவள் ஒரு காதுக்கேட்பியை அவரிடம் நீட்டினாள். "காரைக்கால் நம்பர்."

அவர் வாங்கிக்கொள்ளத் தயங்கினார். பிறகு வாங்கிக்கொண்டார். வரலாற்றுப் பேராசிரியர்தானே. மணி அடித்தது. மாயவரத்தில் எடுத்தார்கள். "ஹலோ, கல்யாணத் தகவல் மையம்," என்றது சௌந்தரவல்லியின் குரல். பதில் இல்லை. இயந்திரத்தின் சிறு விளக்கு பச்சையாக எரிந்தது. மௌனத்தை எடுத்துக்கொள்ளத் தயாராகிறது என்று அர்த்தம். பிரிஸில்லா அதையே பார்த்தாள். ஆவுடைநாயகம் வேறு பக்கம் பார்த்தார்.

"யக்கா," என்றது எதிர்முனை, விளக்கு நிறம் மாறுவதற்கு முன். "அந்த ரேடியோக்காரன் உன்னை மூதாட்டிங்கறான்."

"யாரை?"

"உன்னைத்தான். மூதாட்டி சௌந்தரவல்லியாம். உனக்கும் எனக்கும் ரெண்டு வயசுதானே வித்தியாசம்? அப்ப நான் யாரு? இவங்க ஆபீஸ்ல எல்லாரும் கேட்டிருக்காங்க. எனக்கு எவ்வளவு அசிங்கமாப் போச்சு தெரியுமா?"

"நானா சொல்லச் சொன்னேன்?"

"நீ எதைத்தான் சொன்னே? காதுகுத்துக்கு வர்றியான்னு கேட்டேனே, அதுக்கே இன்னும் பதிலைக் காணும்."

"வர்றேன்னு சொல்லத்தாண்டி வாயெடுத்தேன். பராங்குசம் நடுவுல வந்துட்டான்."

"எவன் அவன் பராங்குசம், மூக்கடைச்சவனா?"

"ஆமாடி, அவனேதான். அவன் கல்யாணத்துக்குக்கூட நம்ம போயிருந்தோமே, திருவிடைமருதூர்ல, பாயசத்துல உப்புப் போட்டுட்டாங்கன்னு நீகூடச் சண்டை போட்டியே..."

அதன் பிறகு யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை. பாயசத்திலிருந்து பெரியப்பா மகன் வீட்டுச் சொத்துத் தகராறுக்குப் போய், அங்கிருந்து அபிராமியின் நாத்தனார் வீட்டுக்கு இறங்கி, வழியில் செத்துப்போனவர்களையெல்லாம் திட்டிவிட்டு வந்தார்கள். அபிராமிக்கு மூச்சு வாங்கியது. அவள் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் சௌந்தரவல்லி பேசினார். ஆவுடைநாயகத்தின் பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று.

தாள் அசையவே இல்லை. பிரிஸில்லா இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள்.

"ரிப்பேரா?" என்றார் ஆவுடைநாயகம்.

"நல்லாத்தான் இருக்கு சார்," என்றாள். "அவங்க நிறுத்தினாத்தானே அடிக்கும்."